அலைமுடிப் பேரவையில் ஒரு பேன் சீப்பு

சந்திரிகாவின் தலைமுடியைப் பற்றி முதன்முதலாக ஒருவர் நல்ல வார்த்தை சொன்னபோது அவளுக்கு வயது முப்பத்தாறு. அதுவரை அந்த முடிக்குப் பரட்டை என்கிற ஒரே பெயர்தான். பள்ளிக்கூடத்தில் பரட்டை. பெண் பார்க்க வந்தவர்கள், "பொண்ணு லட்சணமாத்தான் இருக்கா, முடிதான்" என்று பாதியில் நிறுத்தினார்கள். பாண்டி பஜாரில் அவள் வேலை பார்த்த மேட்சிங் ப்ளவுஸ் கடையில், "அந்தப் பரட்டை அக்காகிட்ட கேளுங்க, எடுத்துக் குடுப்பாங்க" என்று முதலாளியே வாடிக்கையாளர்களுக்கு அடையாளம் சொன்னார். எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னினால் காலை பத்து மணி வரை அடங்கிக் கிடக்கும். பத்தேகாலுக்கு நெற்றியோரத்தில் ஒவ்வொன்றாக எழுந்து நின்று தெருவை வேடிக்கை பார்க்கும். சென்னைக் காற்றில் இருக்கிற ஈரத்தையெல்லாம் உறிஞ்சுவது தன் சொந்தப் பொறுப்பு என்று அந்த முடி நினைத்திருந்தது.

ஒருநாள் மயில்கழுத்து நிறப் புடவைக்குத் துணி தேடி வந்த ஒரு அம்மாள், துணியைப் பார்க்காமல் சந்திரிகாவின் தலையைப் பார்த்தார்.

"இது என்ன கூந்தல்னு நோக்குத் தெரியுமோ?"

"சாரி மேடம். காலைல எண்ணெய் வச்சுத்தான் வந்தேன்."

"எண்ணெயா." அந்த அம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். யாரோ இறந்த செய்தி கேட்டதுபோல் சற்று நேரம் அப்படியே நின்றார். "இனிமே பண்ணாதேம்மா. இது அலைமுடி. ரெண்டாம் வகை, ஆ பிரிவு. இதை வெச்சுண்டு நீ தலைகுனிஞ்சு நிக்கலாமா? ஞாயித்துக்கிழமை மயிலாப்பூர் வா."

அவர்தான் காமாக்ஷி. மயிலை அலைமுடிப் பேரவையின் நிறுவனர், தலைவர், ஆயுட்கால ஆலோசகர்.

மாட வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பாத்திரக் கடை மாடியில் பேரவை இயங்கி வந்தது. இருநூற்றுப் பதினான்கு உறுப்பினர்கள், ஏழு துணைக் குழுக்கள், நூற்றுப் பன்னிரண்டு விதிகள். செயலாளர் ஜவஹர் ஏதோ ஒரு துறையில் மேலதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் தலையில் ஒரு முடிகூட இல்லை. அவரைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவே காரணம் என்று ஆண்டறிக்கையில் இருந்தது. முடியே இல்லாதவர் எந்த வகை முடியின் பக்கமும் சாய மாட்டார்.

பரட்டை என்ற சொல் பேரவைக்குள் தடை செய்யப்பட்டிருந்தது. 'கட்டவிழ்ந்த அலை' என்றுதான் சொல்லவேண்டும். துண்டால் தலை துவட்டுவது வன்முறை என்று மூன்றாவது தீர்மானம். பழைய பருத்தி டி-ஷர்ட்டால் ஒற்றி எடுப்பதே அறம். ஆண்டுக்கு ஒருமுறை கடற்காற்றைக் கண்டித்துத் தீர்மானம் போடுவார்கள். அதன் நகலை அனுப்புவதற்குக் கடலுக்கு முகவரி இல்லாததால் கோப்பிலேயே வைத்திருந்தார்கள். லீவ்-இன் கண்டிஷனர் என்று கடைகளில் விற்கிறார்களே, ஈரத்தலையில் பூசிக் கழுவாமல் அப்படியே விட்டுவிடும் க்ரீம், அதற்குப் பேரவையின் கலைச்சொல் குழு பதினொரு முறை கூடி 'கழுவாக் களிம்பு' என்று பெயர் சூட்டியிருந்தது. உறுப்பினர்கள் எல்லோரும் லீவ்-இன் என்றே சொன்னார்கள். அறிக்கையில் மட்டும் களிம்பு.

எல்லாவற்றுக்கும் மேலே விதி எட்டு. காய்ந்த தலையில் சீப்பு வைக்கக் கூடாது. இதற்கு மட்டும் உறுதிமொழி உண்டு. ஈரத்தலையின்மேல் கை வைத்துச் சொல்லவேண்டும்.

முதல் ஞாயிறு சந்திரிகா போனபோது கூட்டம் தொடங்கியிருந்தது. நாற்பது ஐம்பது பெண்கள் வரிசையாக நின்று இடுப்பை வளைத்துத் தலையைக் கீழே தொங்கவிட்டிருந்தார்கள். முகம் எதுவும் தெரியவில்லை. தண்ணீர் சொட்டும் முடிகள் மட்டும் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தன. ஜவஹர் அந்த முடிகளின் நடுவே நடந்து வருகைப் பதிவு எடுத்தார். ஒவ்வொரு முடியும் "உள்ளேன்" என்றது. இறைவணக்கப் பாடலையும் அந்த நிலையிலேயே பாடி முடித்தார்கள். கடைசி அடியில் சிலருக்கு மூச்சு வாங்கியது.

மைக்கில் காமாக்ஷி பேசினார். "நெல்லிக்காய் அளவு எடுத்துக்கோங்கோ. உள்ளங்கையில தேய்ச்சுக்கோங்கோ. ரெண்டு கையையும் சேத்து, கும்பிடற மாதிரி, நடுவுல முடியை விட்டு நுனி வரைக்கும் இழுங்கோ. இதுக்குத்தான் வணங்கு முறைன்னு பேர். இப்போ கீழேர்ந்து மேலே கசக்குங்கோ. கசக்கறோம்னு நெனைச்சுக்கப்படாது. வேண்டிக்கறோம்னு நெனைச்சுக்கணும்."

சந்திரிகா வேண்டிக்கொண்டே பூசினாள். தலை முழுக்க வெள்ளை வெள்ளையாகத் திட்டு நின்றது. பக்கத்தில் இரண்டு ஈரமான கால்கள் வந்து நின்றன. ஒரு பக்கெட் தரையில் உட்கார்ந்தது.

"இன்னாமா இது, முறுக்குக்கு மாவு பெசையிற மேரி," என்று மெதுவாக ஒரு குரல். "காஞ்சப்பால பூசினா களிம்பு ஒரு பக்கம், முடி ஒரு பக்கம் நிக்கும். தண்ணி சொட்டசொல்லோ பூசணும். இரு."

அவள் சுப்பம்மா. நொச்சிக்குப்பத்துக்காரி. ஐம்பதைத் தாண்டியவள். நரைத்த நேர்முடியை ஒரு முடிச்சாகப் போட்டிருப்பாள். பேரவை தொடங்கிய நாளிலிருந்து எட்டு வருடமாக அவள்தான் பக்கெட் நிரப்புவாள், தரையில் சொட்டும் தண்ணீரைத் துடைப்பாள், டி-ஷர்ட்டுகளைத் துவைத்துக் காயப்போடுவாள். சந்திரிகாவின் தலையில் ஒரு மக் தண்ணீர் ஊற்றி, முடியை உள்ளங்கையில் ஏந்தி, பிழிவதுபோல் அழுத்தி அழுத்தி விட்டாள்.

"சத்தம் கேக்குதா? சளக்கு சளக்குன்னு. அந்த சத்தம் வந்தாத்தான் உள்ள போச்சுன்னு அர்த்தம். ஆச்சு, நிமிரு. ரெண்டு மணி நேரம் கை வெக்காத. தொட்டியோ, பூரா பூத்துக்கும்."

சந்திரிகா வரிசையைப் பார்த்தாள். மேடையில் காமாக்ஷி விளக்கிக்கொண்டிருக்க, கீழே சுப்பம்மா ஒவ்வொரு முடியாக மக்கோடு போய்க்கொண்டிருந்தாள். இதைப் பற்றி எந்த அறிக்கையிலும் ஒரு வரி இல்லை.

அன்று சந்திரிகா பஸ் ஏறவில்லை. ராயப்பேட்டை வரை நடந்தே போனாள். வழியில் இருந்த ஒவ்வொரு கடைக் கண்ணாடியிலும் ஒரு பெண் தெரிந்தாள். அவளுடைய முடி தோளிலிருந்து அடுக்கடுக்காக இறங்கி ஆடியது. மருந்துக்கடைக் கண்ணாடி முன்னால் நின்று, செருப்பு வாரை சரிசெய்வதுபோல் பாவனை செய்துகொண்டு, இரண்டு முறை பார்த்தாள்.

ஆறு மாதத்தில் சந்திரிகா பேரவையின் முகமாகிவிட்டாள். விருந்தினர் வரும் நாட்களில் 'மாதிரித் தலை'யாக மேடையில் உட்கார்த்தி வைத்தார்கள். அடையாறிலிருந்து காரில் வரும் பெண்கள் அவளிடம், "சந்திரிகா, எப்படிங்க உங்களுக்கு மட்டும் இப்படி வருது?" என்று கேட்டார்கள். சுப்பம்மாக்கா செய்துவிட்டது என்று சொல்ல வாய் வரும். வணங்கு முறை என்று சொல்லிவிடுவாள். சின்னப் பொய். ஆனாலும் அன்றிரவு தூங்கக் கொஞ்சம் நேரமாகும்.

ஐப்பசி மாதம் அவள் மகள் தீபிகாவுக்குத் தலையில் பேன் வந்தது. ஆறாம் வகுப்பு, பள்ளிக்கூடத்தில் யாரிடமிருந்தோ ஒட்டியது. சனிக்கிழமை மாலை பால்கனியில் உட்கார்த்திவைத்து இரும்புப் பல் வைத்த பேன் சீப்பால் வாரி எடுத்தாள். தீபிகா அந்தச் சீப்பை ஒளித்துவைத்துவிடுவாள் என்பதால் தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

மறுநாள் பேரவைக்கு முக்கிய விருந்தினர்கள். மழை வருகிற மாதிரி வந்து வராமல் நிற்கிற நாள் அது. ஷேர் ஆட்டோவில் மயிலாப்பூர் போய்ச் சேர்வதற்குள், வீட்டில் கசக்கிவிட்டு வந்ததெல்லாம் வீணாகி, முன்நெற்றி முடி பழையபடி எழுந்து நின்றது. பேரவைக் குளியலறைக் கண்ணாடியில் பார்த்தபோது பாண்டி பஜார் பரட்டை அக்காதான் தெரிந்தாள். மேடைக்கு ஐந்து நிமிடம் இருந்தது. கை தானாகப் பைக்குள் போனது. இரண்டு இழுப்பு. இரண்டே இரண்டு. அதற்குள் யாரோ கதவைத் தட்டினார்கள். சீப்பை வாஷ் பேசின் விளிம்பில் வைத்துவிட்டு, முகத்தைக் கழுவுவதுபோல் கழுவிக்கொண்டு வெளியே ஓடிவந்தாள்.

அடுத்த நிமிடமே காமாக்ஷி அதைக் கண்டெடுத்தார்.

விருந்தினர்கள் போனதும் அவசரக் கூட்டம் கூடியது. ஒரு பித்தளைத் தாம்பாளத்தில் வெள்ளைக் கைக்குட்டை விரித்து, அதன்மேல் சீப்பைக் கிடத்தியிருந்தார்கள். ஜவஹர் இடுக்கியால் ஒரு முடியைப் பிரித்து எடுத்து விளக்கு வெளிச்சத்தில் காட்டினார்.

"இது அலைமுடி. சந்தேகமே இல்லை. இரண்டாம் வகை, ஆ பிரிவு. இந்தப் பிரிவில் நம்மிடம் முப்பத்தொரு பேர் இருக்கிறார்கள். முப்பத்தொரு பேரும் காய்ந்த தலையில் சீப்பு வைப்பதில்லை என்று உறுதிமொழி எடுத்தவர்கள். ஆகவே இது உறுப்பினருடைய முடி அல்ல. உறுப்பினர் அல்லாதவர் இந்தக் கட்டடத்தில் ஒருவர்தான் இருக்கிறார்."

பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். "சார், சுப்பம்மாவுக்கு நேர்முடியாச்சே. நரைச்சு வேற இருக்கு."

"சீப்புப் போட்டுப் போட்டு நேராகிவிட்டது," என்றார் ஜவஹர். "விதி எட்டு எதற்காக இருக்கிறது என்று நினைக்கிறீர்கள்?"

"நரை?"

"நரை பற்றி விதிகளில் எதுவும் இல்லை. அது இந்த விசாரணையின் வரம்புக்குள் வராது."

சுப்பம்மாவைக் கூப்பிட்டார்கள். கையில் துடைக்கிற துணியோடு வந்து நின்றாள்.

"இந்தச் சீப்பு உங்களுடையதா?"

"இல்ல சார்."

"இது என்ன சீப்பு என்றாவது தெரியுமா?"

"பேன் சீப்பு சார். இத்த யாருக்குத் தெரியாது? கொயந்திங்க கீற எல்லா ஊட்லயும் கீது."

ஜவஹர் எழுதிக்கொண்டே வாய்விட்டுப் படித்தார். "பொருளை உடனே அடையாளம் காட்டினார். பேன் பற்றிய அனுபவ அறிவு உடையவர்."

காமாக்ஷி மைக்கைப் பிடித்தார். "நான் யாரையும் ஜாதி பாத்தோ, இடம் பாத்தோ பழகினவ இல்லை. எட்டு வருஷம் சுப்பம்மா கையாலதான் காபி குடிச்சிருக்கேன். தனி டம்ளர்தான், அது சுத்தத்துக்காக. ஆனா ஒண்ணு நெனைச்சுப் பாருங்கோ. இந்தச் சீப்பு நம்மள்ல ஒருத்தரோடதுன்னு ஆயிட்டா, நம்ம எல்லாராத்துலயும் பேன் இருக்குன்னு ஆயிடும். அதை நம்மால தாங்கிக்க முடியுமா? சுப்பம்மா தாங்கிப்பா. அவ பலசாலி."

தீர்மானத்துக்குக் கை தூக்கச் சொன்னார்கள். சந்திரிகா இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். சொல்லவேண்டியது ஒன்றே ஒன்றுதான். ஒரு வார்த்தை. 'என்னுது.' அவ்வளவுதான். அதைச் சொன்னால் தீபிகாவின் பேன் மயிலாப்பூர் முழுக்கத் தெரியும். மேடை நாற்காலி போகும். கடைக் கண்ணாடிகளில் தெரிந்த அந்தப் பெண் போய்விடுவாள். ஜவஹர் கைகளை எண்ணிக்கொண்டே இரண்டாவது வரிசைக்கு வந்தார். அவள் எதிரில் நின்று, பேனாவைத் தூக்கிப் பிடித்து, காத்திருந்தார். சந்திரிகாவின் கை தோள் உயரம் வரை எழுந்து அங்கேயே நின்றது.

"ஒருமனதாக," என்றார் ஜவஹர்.

சுப்பம்மா யாரோடும் சண்டை போடவில்லை. ஹாலின் அந்தப் பக்கம் இன்னும் ஈரமாக இருந்தது. அதைத் துடைத்து முடித்தாள். துணியைப் பிழிந்து கம்பியில் உதறிக் காயப்போட்டாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

அதற்குப் பிறகு சந்திரிகாவுக்குச் சோறு இறங்கவில்லை. தலைக்குக் குளித்து, லீவ்-இன் பூசி, முடியை ஏந்தி அழுத்தும்போது சளக்கு சளக்கென்று அந்தச் சத்தம் வரும். உடனே கையை எடுத்துவிடுவாள். வந்த விருந்தாளியைப் பாதிப் பேச்சில் விட்டுவிட்டுப் போவதுபோல் இருக்கும். தீபிகா, "அம்மா, பேன் சீப்பு எங்கம்மா?" என்று கேட்டபோது, "தொலஞ்சிடுச்சு" என்றாள். "நீதானே பையில வச்ச?" என்றாள் தீபிகா. அவளை ஒரு அதட்டு அதட்டிவிட்டு, அதற்கும் சேர்த்து இரவெல்லாம் விழித்துக் கிடந்தாள்.

இரண்டு வாரம் தாக்குப்பிடித்தாள். மூன்றாவது வாரம் ஜவஹரின் அறைக்குப் போனாள்.

"சார், அந்தச் சீப்பு என்னோடது."

ஜவஹர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "எந்தச் சீப்பும்மா?"

"பேன் சீப்பு சார். சுப்பம்மாக்காவோடது இல்ல. நான்தான் பாத்ரூம்ல வச்சேன்."

"அது தீர்மானம் ஆயிடுச்சேம்மா."

"தெரியும் சார். தப்பான தீர்மானம்."

"தீர்மானத்துல தப்பு சரி கிடையாது. நிறைவேறினது, நிறைவேறாதது ரெண்டுதான். சரி, ஒரு புகாரா எழுதிக் குடுங்க." படிவத்தை எடுத்து நீட்டினார். சந்திரிகா புகார் தருபவர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள். புகாருக்கு உள்ளானவர் என்ற இடத்திலும் தன் பெயரை எழுதினாள். ஜவஹர் வாங்கிப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"ரெண்டு பேரும் ஒரே ஆளா இருக்கக் கூடாதும்மா. விசாரணை எப்படி நடுநிலையா இருக்கும்? நீங்க உங்களுக்குச் சாதகமாப் பேசுவீங்க. இல்லன்னா உங்க மேல இருக்கிற விரோதத்துல பேசுவீங்க. ரெண்டுமே செல்லாது."

"அப்ப வேற யாராவது என் மேல புகார் குடுத்தா?"

"அவங்க பாத்தாங்களா?"

"இல்ல."

"அப்ப பொய்ப் புகார் ஆயிடும். அதுக்கு விதி நாற்பத்திரண்டு இருக்கு." படிவத்தை நான்காக மடித்துக் குப்பைக்கூடையில் போட்டார். "உடம்பைப் பாத்துக்கோங்கம்மா. களைச்சு இருக்கீங்க."

காமாக்ஷியிடம் போனாள். காமாக்ஷி அவளை உட்காரச் சொல்லி, கன்னத்தைத் தடவினார். "நேக்குத் தெரியும்டி. நோக்கு ரொம்ப மெல்லிசு மனசு. அந்தப் பொம்மனாட்டி போனது உன்னை வாட்டறது. இந்த மனசுக்குத்தான் இந்த வருஷம் 'அலைச்செல்வி' பட்டம் நோக்குத் தரணும்னு செயற்குழுவுல நானே சொல்லிட்டேன்."

"எனக்கு வேணாம் மேடம். நான்தான் அந்த சீப்ப..."

"பாத்தியா, வேணாங்கறே. இதைத்தான் சொன்னேன்."

ஆண்டு விழா மார்கழியில் நடந்தது. மேடைக்கு இடப்புறம் ஒரு சிறு கண்காட்சி வைத்திருந்தார்கள். முடியை நேராக்கும் இரும்பு, துண்டு, எண்ணெய்ச் சீசா எல்லாம் வரிசையாக இருந்தன. நடுவில் ஸ்வீட் கடை பிளாஸ்டிக் டப்பாவுக்குள் பேன் சீப்பு. 'அலைகளின் எதிரி. பறிமுதல் செய்யப்பட்டது' என்று அட்டை.

ஹால் நிறைந்திருந்தது. ஆனால் அன்று ஒரு விஷயம் யார் கண்ணுக்கும் தப்பவில்லை. யார் தலையும் சரியாக இல்லை. சுப்பம்மா போனதிலிருந்தே இப்படித்தான். பக்கெட் இருந்தது, களிம்பு இருந்தது, வணங்கு முறை இருந்தது. இருநூறு தலைகளும் ஷேர் ஆட்டோவில் மூன்று நாள் பயணம் செய்ததுபோல் இருந்தன. கடற்காற்றுக்கு எதிராக இந்த ஆண்டு இரண்டு தீர்மானம் போடுவதாகச் செயலாளர் அறிவித்தார்.

காமாக்ஷி தலைமையுரை ஆற்றினார். "முப்பது வருஷம் என் முடியை இஸ்திரி போட்டேன். யார் யாரோ விதி போட்டா. பொண்ணுன்னா முடி இப்படித்தான் இருக்கணும்னா. ஒருநாள் போதும்னுட்டேன். இனிமே என் தலைக்கு யாரும் விதி போடப்படாதுன்னுதான் இந்தப் பேரவையை ஆரம்பிச்சேன். இன்னிக்கு நம்மகிட்ட நூத்திப் பன்னெண்டு விதி இருக்கு. ஒண்ணொண்ணும் சுதந்திரத்துக்காக. மீறினவாளை நான் விட்டதே இல்லை."

பலத்த கைதட்டல். சந்திரிகாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஏற்புரைக்கு மைக்கைக் கொடுத்தார்கள்.

சந்திரிகா மைக்கை வாயருகே கொண்டுபோனாள். "அந்த டப்பால இருக்கிற சீப்பு என்னோடது," என்றாள். "என் பொண்ணுக்குப் பேன் வந்துச்சு. நான்தான் அதை எடுத்துட்டு வந்தேன். நான்தான் காஞ்ச தலைல வாரினேன். சுப்பம்மாக்கா ஒண்ணும் பண்ணல. எல்லாம் தெரிஞ்சும் நான் கை தூக்கினேன். அவங்களத் திரும்பக் கூப்பிடுங்க. என்னை எடுத்துடுங்க."

முன்வரிசையில் ஒருவர் கைதட்டத் தொடங்கினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். காமாக்ஷி மைக்கை வாங்கிக்கொண்டார்.

"பாருங்கோ. பட்டம் வாங்கிண்டு நிக்கற நேரத்துல, ஒரு வேலைக்காரி பண்ணின தப்பைத் தன் தலைமேல போட்டுக்கறா. இதுதான் அலைமுடி. வளைஞ்சு குடுக்கும்."

சந்திரிகா மேடையிலிருந்து இறங்கினாள். கண்காட்சி மேசைக்குப் போனாள். டப்பாவின் மூடியைத் திறந்தாள். சீப்பை எடுத்து, எல்லோரும் பார்க்க, காய்ந்த தலையில் வைத்து இழுத்தாள். நெற்றியிலிருந்து பின்கழுத்து வரை, வலப்புறம், இடப்புறம், மறுபடியும். ஒவ்வொரு இழுப்புக்கும் முடி ஒரு சுற்றுப் பெருத்தது. தையல் விட்ட இலவம்பஞ்சுத் தலையணைபோல் அவள் தலை எல்லாப் பக்கமும் விரிந்து நின்றபோது சீப்பைக் கீழே வைத்துவிட்டு, தண்டனைக்காக நின்றாள்.

ஜவஹர் நன்றியுரைக்கு எழுந்தார். "கழுவாக் களிம்பு இல்லாவிட்டால் ஒரு தலை என்ன ஆகும் என்பதைத் தன் சொந்தத் தலையைப் பணயம் வைத்து நமக்குச் செய்து காட்டிய அலைச்செல்வி அவர்களுக்குப் பேரவை கடமைப்பட்டிருக்கிறது. அடுத்த ஆண்டிலிருந்து இதை நிகழ்ச்சி நிரலிலேயே சேர்த்துவிடலாம்."

அடுத்த திங்கட்கிழமை கடைக்கு லீவு சொல்லிவிட்டு நொச்சிக்குப்பம் போனாள். ரோட்டோரம் வரிசையாகக் குடைகள், குடைக்குக் கீழே மீன். நாலாவது குடையில், தங்கச்சியின் மீன்கடையில், சுப்பம்மா உட்கார்ந்து செதில் தேய்த்துக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்தும் கை நிற்கவில்லை.

"வாமா. சங்கரா கீது, நெத்திலி கீது. வவ்வாலு இன்னிக்கு வரல."

"நான் மீன் வாங்க வரலக்கா."

"தெரியுது. தலைய பாத்தாலே தெரியுது. லீவ்-இன் போடறதில்லியா?"

"இல்ல."

"இன்னாத்துக்கு? அது இன்னா பண்ச்சு ஒன்னிய?"

சந்திரிகா அவள் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். "அக்கா, அந்த சீப்பு..."

"ஒன்னுது. தெரியும்." சுப்பம்மா மீனைத் திருப்பிப் போட்டாள். "நீ பாத்ரூம்லேந்து ஓட்னப்போ நான் பக்கெட்டோட வாசல்லதான் நின்னுக்கினு இருந்தேன். உள்ள போய்ப் பாத்தா சீப்பு கீது. எடுத்து இடுப்புல சொருவிக்கலாம்னு கைய நீட்றேன், அதுக்குள்ள அந்தம்மா பூந்துட்டாங்கோ."

"அப்ப ஏன்க்கா அன்னிக்கே சொல்லல?"

"நீ சொல்லுவேன்னு நின்னேன்."

ஒரு ஸ்கூட்டர்காரர் வந்து நெத்திலி கேட்டார். சுப்பம்மா நிறுத்துக் கொடுத்து அனுப்பினாள். சந்திரிகா அழுதுகொண்டிருந்தாள்.

"அயுவாத. வியாபார நேரம்." சுப்பம்மா குரலைத் தாழ்த்தினாள். "சீப்பு பெரிசு இல்லமா. பேன் யார் ஊட்ல இல்ல. கை தூக்கின பாரு. அதுவும் பாதி தூக்கின. முழுசா தூக்கியிருந்தேன்னா, சரி, இவளும் அவங்கள மேரின்னு போயிருப்பேன். பாதி தூக்கினதுதான் எனக்குப் பேஜாராப் போச்சு."

"நான் என்ன பண்ணணும், சொல்லுங்கக்கா. எது சொன்னாலும் பண்றேன்."

"மெய்யாலுமா?"

"சத்தியமா."

சுப்பம்மா கையைப் புடவையில் துடைத்தாள். குடைக்கம்பில் சொருகியிருந்த ஒரு கவரை எடுத்துக் கொடுத்தாள். பேரவையின் முத்திரை இருந்தது. உள்ளே ஜவஹரின் கையெழுத்தோடு நான்கு வரி. பணியாளர் சுப்பம்மா மீதான தீர்மானத்தைத் திரும்பப் பெற இயலாது. எனினும், மேற்படி சீப்பு தம்முடையதே என ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கடிதம் அளித்தால், பேரவை பெருந்தன்மையுடன் மீண்டும் பணியில் சேர்த்துக்கொள்ளும்.

"அவங்க தலைங்க எல்லாம் நாஸ்தியாப் போச்சாமே," என்றாள் சுப்பம்மா. "தங்கச்சிகிட்ட மீன் வாங்க வந்த ஒரு அம்மா சொல்லிச்சு. எனக்கும் இங்க முடியலமா. ஐஸ்ல கை வெச்சு வெச்சு வெரலு மடங்க மாட்டேங்குது. கடுதாசி எய்த ஆளு பாத்துக்கினு இருந்தேன். நீ நல்லா எய்துவ இல்ல?"

சந்திரிகா கடிதத்தைத் திருப்பி நீட்டினாள். "அக்கா, அது என்னோட சீப்பு. அப்படித்தான் எழுதணும். நான் மறுபடியும் போய்ச் சொல்றேன். எல்லாருகிட்டயும் சொல்றேன்."

"சொன்னியே. ஆண்டு விழால சொன்னியாமே. இன்னா ஆச்சு?"

"கை தட்டினாங்க."

"பாத்தியா. ஒனக்கு மன்சு ஆறணும்னா அதுக்கு வேற பேப்பரு எடுத்துக்கோ. இது என் வேல. எய்து."

பக்கத்துப் பெட்டிக் கடையில் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் வாங்கி வந்தாள். ஐஸ் பெட்டியின் மூடிமேல் தாளை வைத்தாள். சுப்பம்மா சொல்லச் சொல்ல எழுதினாள். அந்தச் சீப்பு என்னுடையது. விதி தெரிந்தும் மீறிவிட்டேன். அதற்குமேல் சுப்பம்மா எதுவும் சொல்லவில்லை. பேனா மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னாமா இவ்ளோ நீளமா எய்துற? படி."

சந்திரிகா படித்தாள். "உண்மையைச் சொல்லவேண்டிய நேரத்தில் வாய் திறக்காமல் இருந்தேன். என் பயத்தால் இன்னொருவர் எல்லோர் முன்னாலும் தலைகுனிந்து போகவேண்டியதாயிற்று. அந்த நாளிலிருந்து நான் சரியாகச் சாப்பிடவும் இல்லை, தூங்கவும் இல்லை. என்னை மன்னிக்க வேண்டும்."

"அது யாரு இன்னொருத்தரு?"

"சும்மாக்கா. கடிதத்துல அப்படி எழுதறது வழக்கம்."

சுப்பம்மா அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி, இர்ந்துட்டுப் போவட்டும்," என்றாள். பேனாவை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரைக் கீழே போட்டாள். தாளின் ஓரத்தில் இரண்டு செதில் ஒட்டிக்கொண்டது. "நீயே எட்துனு போய்க் குடுத்துடு. நான் வந்தா மீன் வாசனைன்னு அதுக்கு ஒரு தீர்மானம் போடுவாங்கோ."

அன்று மாலையே ஜவஹரிடம் கொடுத்தாள். அவர் செதில்களை நகத்தால் சுரண்டிவிட்டு ஒருமுறை படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை படித்தார்.

"எத்தனையோ மன்னிப்புக் கடிதம் பாத்திருக்கேம்மா, என் சர்வீஸ்ல. இது மாதிரி ஒண்ணு பாத்ததில்ல. தப்பு பண்ணவங்க மனசாரத் துடிச்சு எழுதினதுன்னு படிச்சாலே தெரியுது. நீங்களும்தான் என்கிட்ட வந்து ஏதோ சொன்னீங்க. அதுல இந்த உண்மை இல்ல பாருங்க."

"ஆமா சார்."

"ஞாயித்துக்கிழமை காலைல ஆறு மணிக்கு வந்து பக்கெட் நிரப்பச் சொல்லுங்க." முத்திரையை மையில் ஒற்றி அழுத்தினார். பிறகு தாளை அவள் பக்கம் திருப்பி, சுப்பம்மாவின் பெயருக்குக் கீழே விரலை வைத்தார். "இங்க ஒரு சாட்சி வேணும். இவங்க உண்மையாவே வருத்தப்படறாங்கன்னு நேர்ல தெரிஞ்ச உறுப்பினர் யாராவது. உங்களுக்குத் தெரியுமில்லையா?"

"தெரியும் சார்," என்று சொல்லி, சந்திரிகா கையெழுத்துப் போட்டாள்.